மைக்கை அணைக்காமல் போனேன்

“...அப்ப நான் தையல் கத்துக்கவே போயிரவா டீச்சர்?” என்று எட்டாம் வகுப்பு கயல் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

கயலுக்குக் காது சரியாகக் கேட்காது. நான் கழுத்தில் ஒரு சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு பாடம் நடத்தினால், அவள் காதிலுள்ள கருவியில் என் குரல் நேராகப் போய் விழும். நானோ வாய் ஓயாத ஆள். அவள் அப்படிக் கேட்டதற்கு முந்தின வாரம், இடைவேளையில் பக்கத்து அறைக்குப் போனவள், “அந்தப் பிள்ளைக்கு எம்புட்டுக் கத்துனாலும் மண்டையில ஏறலக்கா. பேசாம தையல் கத்துக்கப் போகலாம்” என்று சக ஆசிரியையிடம் சொல்லிச் சிரித்தேன். கழுத்தில் கிடந்த மைக்கை அணைக்க மறந்திருந்தேன். நான் சொன்னது, சிரித்தது எல்லாம் கயல் காதில் விழுந்திருக்கிறது.

இப்போதெல்லாம் வகுப்பை விட்டு வெளியே வந்ததுமே மைக்கை அணைத்துவிடுகிறேன். அணைத்த பிறகும், எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துத்தான் பேசுகிறேன்.

ஆனால் கயல் வகுப்பில் அப்படிக் கேட்ட அன்றைக்கு, “தப்புத்தான் தாயி, நீ படிக்கணும். என்னை மன்னிச்சிரு” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கயல் அதை முழுசாகக் கேட்டாள். பிறகு கருவியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, மீதிப் பாடம் முழுக்க என் உதட்டையே பார்த்துப் படித்தாள்.