விழுங்கிய நெருப்பு

பழங்காநத்தத்தில் ஜவுளிக்கடையில் பில் போடும் கனகலட்சுமி, ஞாயிறுதோறும் பார்வையற்ற ஆசிரியர் செல்வக்குமாருக்குப் போனில் பாடம் வாசித்துக் காட்டுவாள். அன்று ஒரு கவிதை. கோபம் வரும்போதெல்லாம் நெருப்புத் துண்டை விழுங்கும் ஒரு பெண், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட வாய் திறக்கிறாள், வீடே பற்றிக்கொள்கிறது.

வாசித்து முடித்ததும் செல்வக்குமார் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்கக்கா. இதை மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாசிக்கிறீங்க. யாரு மேல அம்புட்டுக் கோவம்?"

கனகலட்சுமி புத்தகத்தை மூடினாள். அம்மா சாகக் கிடந்ததைத் தம்பி சோலை அவளிடம் மறைத்து ஒன்பது வருஷமாகிறது. அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தீபாவளிக்குச் சிரித்தபடி அவனுக்குப் பரிமாறியிருக்கிறாள். கணவருக்கே தெரியாத அந்தக் கோபத்தை இவர் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்! அவளைப் பார்த்தேயிராத யாரோ ஒரு கவிஞர் அதை எழுதியும் வைத்திருக்கிறார். போன வாரம் தண்ணீர் சிந்தியதற்காக மகள் ரோகிணியை அடித்த அடி நினைவுக்கு வந்தது.

செல்வக்குமாரிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தவள், உடனே சோலையை அழைத்தாள். "எங்கிட்ட ஏன்டா மறைச்ச?" என்று கத்தினாள்.

"ரோகிணி அப்ப உன் வயித்துல இருந்தாக்கா. பயந்துட்டேன்" என்று அவன் அழுதான்.

மாலையில் வில்லாபுரத்திலிருந்து அவன் வந்து நின்றபோது, வாசலிலேயே சண்டை போட்டாள். பிறகு இருவரும் முதல்முறையாக அம்மாவைப் பற்றிப் பேசினார்கள்.