மாராலின் இரண்டாவது கோடு

மங்கோலியப் புல்வெளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதகி தொல்கோர். ஊசியைவிட அவள் வாய்தான் ஆழமாகக் குத்தும் என்பார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கால் மணி நேரத்தில் காட்டும் புதுச் சோதனைப் பட்டையை நம்பலாமா என்று பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. கூடாரம் கூடாரமாகப் போய், விரலில் குத்தி ஒரு சொட்டைப் பட்டையில் விடுவாள். கையிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து நகரத்து மெஷினுக்கு அனுப்புவாள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

செவெல் என்பவளின் கூடாரத்தில் செவெலுக்கும் அவளுடைய புது மருமகள் மாராலுக்கும் சோதித்துப் பார்த்தாள். நேரத்துக்குச் சரியாகப் பார்த்தபோது இருவருக்கும் ஒற்றைக் கோடு. நோயில்லை; இரண்டு கோடு வந்தால்தான் நோய். பட்டைகளை அப்போதே பையில் போட்டிருக்க வேண்டும். ஆனால் உப்புத் தேநீர் கைக்கு வந்துவிட்டது. குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரரை அவமதித்ததாகும். செவெல் மறுபடி ஊற்றினாள், பிறகும் ஊற்றினாள். ஊற்றும் சாக்கில் மருமகளின் பட்டையை அடுப்போரம் நகர்த்தி, அதையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு கோடு! நோய்க்காரிய என் மகன் தலையில கட்டிட்டாங்க!”

“அக்கா, நேரம் தாண்டிப் போச்சு. சூட்டுல காஞ்சா பொய்க் கோடு வரும். இது செல்லாது.”

“யார்கிட்ட கதை விடுற? அவ என்ன உன் சொந்தக்காரியா? பட்டை பொய் சொல்லாது!”

அன்றிலிருந்து மாரால் பால் வாளியைத் தொடக் கூடாது. அவளுக்குச் சாப்பாடு தனியாக. புருஷன் பாத்தும் அம்மா பக்கமே நின்றான். பனி உருகியதும் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று செவெல் முடிவு கட்டினாள். இது தொல்கோர் காதுக்கு எட்டியது. நகரத்துக்குப் போன் மேல் போன் போட்டு மெஷினின் முடிவை வாங்கினாள்.

அவள் செவெலின் கூடாரத்துக்குப் போனபோது அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடியிருந்தார்கள்.

“மாராலுக்கு நோயில்ல. மெஷின்ல தெளிவா வந்திருக்கு.”

“அப்ப எனக்கு?” என்றாள் செவெல்.

“வெளிய வாங்கக்கா, சொல்றேன்.”

“இங்கயே சொல்லு. எனக்கென்ன பயம்?”

தொல்கோர் வாயை அடக்கியிருக்கலாம். ஆத்திரம் விடவில்லை.

“உங்களுக்குத்தான் இருக்கு. பட்டை கண்டுபிடிக்காம விட்டிருச்சு.”

செவெலின் முகம் வெளுத்தது. “பொய்! எனக்கு ஒத்தைக் கோடுதானே காட்டுச்சு!”

மாரால் எழுந்தாள். “எனக்கும் ஒத்தைக் கோடுதான் காட்டுச்சு அத்தை. ரெண்டு வர்ற வரைக்கும் நீங்கதான் காத்திருந்தீங்க.”

வெளியே போய்க் குதிரையில் ஏறினாள். “எங்க போற?” என்று பாத் பின்னால் ஓடினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.