வெள்ளைத் தட்டு மறையும் ஆழம்

போன வாரம் மருந்துக்கடையில் யாரோ அயடின் போத்தலைக் கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் இழுத்து இழுத்து மோந்துகொண்டு நின்றேன். எனக்கு அது ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கத்தின் வாசனை. தண்ணீரோடு பிடித்த பாசி கெட்டுப்போகாமலிருக்க, ஒவ்வொரு போத்தலிலும் அயடின் சொட்டு விடுவதுதான் என் முதல் உத்தியோகம்.

தொண்ணூறுகளின் கடைசி. பட்டம் வாங்கிய கையோடு, நீரின் தரம் பார்க்கும் ஆய்வொன்றில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்து மிஸ். வள்ளத்தில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும் அவருக்கு. ஆனாலும் ஏறாமல் விடமாட்டார். வெள்ளை பூசிய தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அது கண்ணுக்கு மறையும் ஆழம்தான் தண்ணீரின் தெளிவு. மற்ற இடங்களிலெல்லாம் கயிறு போய்க்கொண்டேயிருக்கும். ஒரு குடாவில் மட்டும் ஒரு முழம் கயிறு இறங்குமுன்னே தட்டைக் காணோம். அத்தனை பச்சை.

"பக்கத்துக் குடா கண்ணாடி மாதிரிக் கிடக்கு. இதுக்கு மட்டும் என்ன வந்தது?" என்று மிஸ் கேட்டுக்கொண்டேயிருப்பார். தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரிடம் பதில் தயாராக இருந்தது: "வேற என்ன, லயத்துக் கக்கூஸ்தான்."

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்தில்தான் நான் பிறந்தேன். அது பொய்யென்று காட்டிவிட வேண்டுமென்ற வெறியோடு ஓடை வழியே மேலே ஏறினேன். அட்டைகளுக்கு அன்று நல்ல விருந்து. குடாவுக்கு இரண்டு ஓடைகள் வருகின்றன: ஒன்று லயத்தைத் தொட்டு, மற்றது மரக்கறித் தோட்டங்களைத் தொட்டு. லீக்ஸ் பாத்திக்குள் குனிந்திருந்த என் சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா புள்ள, தண்ணிக்குக் காய்ச்சலா? போத்தல்ல புடிச்சிக்கிட்டுப் போறீங்க?"

மாதக்கணக்கில் பிடித்தோம். முடிவு யாருக்கும் இனிக்கவில்லை. லயத்து ஓடையில் கிருமிகள் இருந்தது உண்மை. ஆனால் குடாவைப் பச்சையாக்கியது பெரும்பாலும் மற்ற ஓடை. மழைக்குக் கரைந்து வந்த உரம். சித்தப்பாவின் உரமும் அதில் சேர்த்தி.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டுக் கூட்டம் நடந்தது. மிஸ் இரண்டையும் மறைக்காமல் சொன்னார். கிளாக்கர் கூரையைப் பார்த்தார். சித்தப்பா எழுந்துவிட்டார்.

"அப்ப ஒரம் போடாம நான் மண்ணயா விக்கிறது?"

"போட வேண்டாமெண்டு சொல்லேல்லை ஐயா. மழைக்கு முன்னம் போடாதேங்கோ. ஓடைக்கரையில கொஞ்சம் புல்லை வளர விடுங்கோ."

அவர் மிஸ்ஸை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். அதன்பிறகு வெகுநாள் என்னோடு பேசவேயில்லை. சித்தி மட்டும் தேத்தண்ணி தருவார்.

அடுத்த வருடம் லயத்துக்குப் புதிய மலக்குழிகள் வந்தன. சித்தப்பாவின் ஓடைக்கரையிலோ இடுப்பளவு புல். ஆச்சரியத்தோடு நின்ற எனக்குக் கேட்கும்படி, பாத்தியைப் பார்த்துச் சொன்னார்: "மாட்டுக்குப் புல்லு வேணும்."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எல்லாவற்றையும் வெட்டியிருப்பார்!

அந்த வெயில் காலத்தில் அவரே கரைக்கு வந்து, கேட்காமல் வள்ளத்தில் ஏறி, மிஸ்ஸின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். குனிந்து கண்ணைச் சுருக்கி, "இன்னும் தெரியுது... இன்னும் தெரியுது" என்று விட்டுக்கொண்டேயிருந்தார். வாந்தியை அடக்கிக்கொண்டு மிஸ் சிரித்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அந்த ஆய்வு முடிந்தது, மிஸ் ஊர் திரும்பினார், சித்தப்பாவும் காலமாகிவிட்டார். சென்ற வருடம் குடாவைத் தேடிப் போனேன். மலையிலிருந்து வந்த மண் அதை முழுக்கத் தூர்த்துவிட்டிருந்தது. பச்சையைத் துரத்திக்கொண்டிருந்த நாங்கள் மண்ணை நினைக்கவேயில்லை. அங்கே இளைஞர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கே ஒரு குடா இருந்தது. வள்ளம் போகும்" என்றேன்.

பந்து வீச வந்தவர் நின்று, மரியாதையாகத்தான் சொன்னார்: "நீங்க வேற எடத்தச் சொல்றீங்கபோல, அக்கா. இது எப்பவுமே கிரவுண்டுதாங்க."