ராகிக் குழிக்குள் இறக்கிய விளக்கு

என் வேலை நிரந்தரமாவது இன்ஸ்பெக்டரின் ஒரு வருகையைப் பொறுத்திருந்தது. ஐம்பதுகளின் நடுவில், கெலமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியர். அவர் வரும்போது வாயுக்களின் பண்புகளைப் பையன்கள் ஒப்பிக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் வகுப்பைப் பள்ளிக்குப் பின்னால் ஒரு விவசாயியின் ராகிக் குழிக்கு அழைத்துப் போனேன்.

அங்கே ராகியை ஆழமான குழியில் கொட்டி, வாயை மண்ணால் மூடிவைப்பார்கள். திறந்த உடனே யாரும் இறங்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டேன்.

"குழி ஆள முழுங்கிருங்க சார்."

கயிற்றில் அரிக்கேன் விளக்கை இறக்கினோம். பாதியில் அணைந்தது.

"காத்துங்க சார்," என்றான் ஒருவன்.

"அரிக்கேனு காத்துல அணையுமாடா? உங்க ஊட்டு வெளக்குக்குக் கண்ணாடியே இல்லியா?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"அப்ப ஈரம்," என்றான் காற்று என்று சொன்னவன். ஈரச்சாக்கு விரித்த பெரிய பானைக்குள் விளக்கை வைத்துப் பார்த்தான். நன்றாக எரிந்தது. வெளியே எடுத்துவிட்டான்.

சுண்ணாம்புத் தெளிநீரில் ஆமணக்குத் தண்டால் ஊதினால் வெளுக்கும் என்பதை முந்தின வாரம் செய்து பார்த்திருந்தார்கள். அந்தத் தெளிநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் குழிக்குள் இறக்கலாமா என்று கேட்டான், சந்தையில் துணிக்கடை வைத்திருந்த பாயின் மகன். இறக்கினோம். மேலே வந்தபோது பால்போல் இருந்தது.

அப்போதுதான் இன்ஸ்பெக்டரும் தலைமை ஆசிரியரும் வந்து நின்றார்கள்.

"கரியமில வாயுவின் பண்புகளைச் சொல்லுங்கள்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தப் பெயரையே நான் இன்னும் சொல்லித்தரவில்லை. தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் மாற்றல் உத்தரவு தெரிந்தது.

"அது தெரியாதுங்கய்யா," என்றான் துணிக்கடைப் பையன். "நம்ம மூச்சுல இருக்கறதுதான் குழிக்குள்ளயும் இருக்குது. உள்ள ஆளே இல்ல. யாரு மூச்சு உட்டதுன்னுதான் பாக்கறோம்."

"யார் விட்டிருப்பார்கள்?"

"ராகியாங்கய்யா?"

வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை கிளம்பியது. நனைத்த ராகியைப் பாட்டிலில் போட்டு, தெளிநீரோடு மூடிவைக்கலாம் என்றான் ஒருவன். ஈரம் என்று சொல்லித் தோற்றவன் குறுக்கிட்டான்: "வறுத்த ராகியும் இன்னொரு பாட்டில்ல வெக்கணும். வறுத்தா மொளைக்காது. செத்தது மூச்சு உடக்கூடாதுல்ல?"

இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் கழித்து ஓசூரிலிருந்து திரும்பும் வழியில் வந்தார். நனைத்த ராகி இருந்த பாட்டிலில் தெளிநீர் வெளுத்திருந்தது, வறுத்த ராகி இருந்ததில் தெளிவாகவே இருந்தது. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னை நிரந்தரம் செய்யும் சிபாரிசில் கையெழுத்திடத் தலைமை ஆசிரியரிடம் பேனா கேட்டார்.