கேட்பதற்குப் பருத்தி

காலைக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது தரணேந்திரன் சாரின் மகள் பத்மாவதி தொலைபேசியில் அழைத்தாள். "ஆண்ட்டி, அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். பிறகு அழுகைக்கு நடுவே, "நேத்துதான் பெட்டியை மூடினாரு. ஞாயித்துக்கிழமை உங்களைக் கூட்டிக்கினு வரச் சொன்னாரு" என்றாள். அவர் கடைசியாகச் செய்த ஒலிபெருக்கி ஜோடி அது. அதை யாரும் இன்னும் கேட்டிருக்கவில்லை.

திருப்பருத்திக்குன்றத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கேட்ட உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கி வடிவமைப்பது அவருக்குத் தொழில் அல்ல, ஆசை. அதற்காக மரப்பெட்டிகளைத் தானே ஒட்டுவார். பிடிக்காவிட்டால் உடைத்து மறுபடி ஒட்டுவார். சென்னையிலிருந்து பொறியாளர்கள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். சமணர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுபவர். அதனால் நாங்களும் வெளிச்சத்திலேயே வீடு திரும்புவோம்.

எங்கள் பழக்கம் ஒரு புகாரில் தொடங்கியது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, இந்த ஒலிபெருக்கி என் ழகரத்தைத் தின்கிறது, அணைத்துவிடுங்கள் என்றேன். நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். எழுத்தை விழுங்கினால் அங்கே முழங்காலில் நிற்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் ஒல்லியான ஒருவர் வந்தார். "ழ மட்டும் இல்லம்மா, ச-வும் போச்சு. உங்க காது எனக்கு வேணும்" என்றார். அப்போது என் கணவர் இருந்தார். "வாயையும் சேர்த்தே எடுத்துக்கினு போங்க சார்" என்றார்.

அப்படியே ஆயிற்று. திரைக்குப் பின்னால் நான் வாசிப்பேன். பிறகு அதே வாசிப்பின் பதிவு பெட்டியிலிருந்து வரும். இரண்டுக்கும் எங்கே வேறுபாடு என்று கேட்பவர்கள் சொல்ல வேண்டும். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்கும், ஆனால் எழுத்து எனக்குத் தெரியும். வாசிக்க அவர் தந்தது நாளிதழின் வானிலைச் செய்தி மட்டுமே. "கதை குடுத்தா நடிப்பீங்கம்மா. மழை வருமா வராதான்னு படிங்க, போதும்" என்பார். "பெட்டி பேசக் கூடாது. பேசறவங்க பேசணும்" என்பதும் அவர் சொல்தான். யாராவது 'நல்லா இருக்குது' என்றால் முகம் சுருங்கிவிடும். எது சரியில்லை என்று சொல்லுங்கள் என்பார்.

ஒருமுறை பட்டுக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சார் தனக்குச் செய்து கொடுத்த பெட்டியின் முகப்பில் சரிகைப் பட்டுத்துணியை இழுத்துக் கட்டிவிட்டார். இந்த ஊரில்தான் அப்படி ஒரு தவறு நடக்கும். பார்க்கக் கல்யாணப் பெண். கேட்டால் சளி பிடித்த குரல். நெருக்கமான நெசவு சகரத்தை வெளியே விடவில்லை. சார் சிரித்தார். "பட்டு, கட்டறதுக்குங்க. கேக்கறதுக்குப் பருத்திதான். எங்க ஊரு பேருலயே இருக்குதே."

போன ஞாயிற்றுக்கிழமை அவர் நினைவாக அதே கூடத்தில் கூடினோம். கடைசி ஜோடியை ஒலிக்கவிடுவதாக ஏற்பாடு. நான் போனபோது இரண்டு பெட்டிகளின் முகத்தையும் மூடிப் பட்டுத்துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்க்கச் சொன்னேன். அதே பட்டுக்கடைக்காரர்தான் கட்டியவர். "அவருக்கு நாம பண்ற மரியாதைம்மா. இருக்கட்டுமே" என்றார், கண் கலங்கியிருந்தது. நான் விடவில்லை.

"செத்தவங்களுக்குத்தான்பா வாயைக் கட்டுவாங்க. இது இனிமேதான் பேசணும்."

பத்மாவதியே வந்து முடிச்சை அவிழ்த்தாள். அவருடைய பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து முகப்பில் மாட்டினோம். பதிவிலிருந்து என் குரல் வந்தது. வட மாவட்டங்களில் சில இடங்களில் மழை பெய்யக்கூடும் என்றது. பெட்டி இருப்பதே தெரியவில்லை. ஆளாளுக்கு நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்றார்கள். 'சில' என்ற சொல்லில் சகரம் சற்றுச் சீறுகிறது என்றேன்.

"இன்னைக்குமாம்மா?" என்றார் பட்டுக்கடைக்காரர்.

"இன்னைக்குத்தான்."

அவரோடு சேர்ந்து பெட்டி செய்தவர்கள் இந்த வாரம் அதைத் திறக்கிறார்கள். வரும் ஞாயிறு மறுபடி வாசிப்பேன். சீறல் போகும்வரை வாசிப்பேன். எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவள் என்று இந்த ஊரில் எனக்குப் பெயர். அவர் ஒருவர்தான் அதற்கென்று நாற்காலி போட்டு, உட்காரவைத்து, "சொல்லுங்கம்மா" என்றவர். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த நாற்காலியைத்தான். அதைக் காலி செய்வதாக இல்லை.