தவமணி எப்போது எழுதுவது

பூந்தமல்லிக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்காரரிடம், “ஆறுதலா வாங்கோ” என்று சொன்னேன். அவர் மாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “யாராச்சும் பூட்டாங்களா நைனா?” என்று தணிந்த குரலில் கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக வருவது என்றால் அவசரப்படாமல் வருவது. இங்கே ஆறுதல் என்பது சாவு வீட்டில் சொல்வது. இதை அவருக்கு விளக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, தலையை மட்டும் ஆட்டினேன். வழி முழுக்க அவர் உச்சுக்கொட்டிக்கொண்டே வண்டியை ஓட்டினார். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். என்னைப் போல இங்கே பிழைக்க வந்தவர்கள் சிரிக்க மாட்டீர்கள். இரண்டு கரையிலும் தமிழ்தானே என்ற துணிவில்தான் கடலைத் தாண்டுகிறோம். முழுக்க வேறு பாஷையாக இருந்தால் விளங்காததைத் திருப்பிக் கேட்போம். விளங்கிவிட்டது என்று நினைப்பதை யார் திருப்பிக் கேட்கிறார்கள்?

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஊரில் ஓர் ஆலையில் இஞ்சின் ஓட்டப் பழகி, பூந்தமல்லி அரிசி ஆலைக்கு இஞ்சின் பூட்ட வந்தவர்களோடு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். இஞ்சின் அறைக்குள் யார் பேசினாலும் கேட்காது. கையைக் காட்டினால் போதும். என் சுபாவத்துக்கு அது ஏற்ற இடம். என் மகள் தவமணி அப்படியல்ல. பள்ளிக்கூடம் போய், ஆலையின் நெற்களத்துப் பெண்களோடு பழகி, தெருவில் எல்லோருக்கும் வேண்டியவளாகிவிட்டாள். பட்டணத்தில் பெண்கள் டாக்டருக்குப் படிக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது, அதில் சேர ஒரு பரீட்சை எழுத வேண்டும், அதை எழுதியே தீருவேன் என்று நின்றாள். என் மனைவி செல்லம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். ஊரில் அவளுடைய அண்ணன் மகன் இருந்தான். இந்த வருஷமே பரீட்சை எழுதி இடம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் ஆவணியில் ஊருக்குப் போய்க் கலியாணம்.

பரீட்சைக்குப் பெயர் அனுப்ப ஒரு டாக்டரின் சிபாரிசு வேண்டும். எங்கள் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரப் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைத் துரைசானி என்றுதான் சொல்வார்கள். தவமணியைக் கூப்பிட்டுப் பல கேள்விகள் கேட்டுவிட்டு, முடிவை அப்பாவிடம் சொல்கிறேன் என்று அனுப்பியிருந்தார். நான் தனியே போனேன். துரைசானி இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் முனுசாமி, தலைமுறை தலைமுறையாக இங்கே பயிர் வைத்த குடும்பத்துக்காரர், எல்லாவற்றையும் ஒரே வரியில் சுருக்கினார்.

“பரீட்சையெல்லாம் அப்பால வச்சிக்கச் சொல்றாங்க நைனா.”

அந்தச் சொல்லை நான் அறிந்தது ஆலைக் களத்தில். காயப்போட்ட நெல்லில் ஆடுகள் வாய் வைக்க வரும்போது, பெண்கள் கோலை ஓங்கி “அப்பால போ” என்பார்கள். ஆடுகள் ஓடும். எனக்கும் அப்படியே கேட்டது. பரீட்சையைத் தள்ளி, வேறு எங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள். இவ்வளவு அமைதியான முகத்தோடு இதைச் சொல்ல முடியுமா? “சரி” என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். செருப்பைப் போட மறந்து வெறுங்காலோடு தெருக்கோடிவரை வந்திருந்தேன்.

எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “பாப்பம்” என்பார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னைப் படிக்க வைக்க உதவி கேட்டு என் ஐயா ஒரு பெரிய மனிதரிடம் போனார். அவர் வெற்றிலைத் தட்டை நீட்டி, “பாப்பம்” என்றார். ஐயா வெற்றிலை போட்டார், நன்றி சொன்னார், மறுநாள் என்னை ஆலையில் கொண்டுபோய் விட்டார். மறுப்பு அங்கே அப்படித்தான் வரும். இப்படி ஆட்டை விரட்டுவது போல வரும் என்று நான் எண்ணியதே இல்லை.

வீட்டுக்கு வந்து, “எங்கட ஆக்களுக்கு இங்க இடமில்லையாம், பிள்ளை” என்றேன். துரைசானியா அப்படிச் சொன்னார் என்று தவமணி கேட்டாள். ஓம் என்றேன். அவள் அழவில்லை. இரவல் வாங்கிய புத்தகங்களைத் துடைத்து அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். செல்லம்மா வழிக்குப் பலகாரம் சுடத் தொடங்கினாள்.

புறப்படுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்றாள் தவமணி. நானும் கூடப் போய் வாசலில் நின்றுகொண்டேன். முனுசாமி மருந்துச் சீசாவைக் கீழே வைத்தார்.

“ஊருக்கா? இன்னாத்துக்கும்மா? துரைசானிதான் அப்பால எழுதுன்னு சொல்லிச்சே.”

“அப்பாலன்னா எப்போண்ணே?”

“அட்த்த வருசந்தான். இப்போ எழுதினா தேறாதாம். ஒரு வருசம் இங்க வந்து கூடமாட கத்துக்கினு எழுதட்டும்னு அவ்ளோ நேரம் சொல்லிச்சு. உங்க நைனாவும் சரின்னுட்டுப் போனாரே.”

தவமணி என் பக்கம் திரும்பினாள். “அப்பா, அண்ணை உங்களிட்டைச் சொன்ன சொல்லு என்ன?”

“அப்பாலை எண்டவர், ஆட்டைக் கலைக்கிற மாதிரி” என்றேன். அது இடத்தைச் சொல்லும் சொல் என்றே நான் நினைத்திருந்தேன். இங்கே அது காலத்தையும் சொல்லும், பிறகு என்று பொருள்படும் என்பது அவள் முகம் மாறியபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் முனுசாமியைப் பார்த்து, “எங்கப்பா ஆட்டைத் தொரத்தற அப்பாலன்னு நென்ச்சிக்கினாரு அண்ணாத்தே” என்றாள்.

“ஆட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே வார்த்தையா வச்சிக்கினோமே நைனா, எங்களைத்தான் ஒதைக்கணும்” என்று அவர் சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. என் மகளின் வாயிலிருந்து வந்த அந்த வரியை, யாரோ அந்நியர் பேசியதைப் போல, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன். வீட்டில் எங்களோடு பேசும்போது ஒருநாளும் அவள் அப்படிப் பேசியதில்லை. இந்த ஊர் அவளுக்குள் எப்போது புகுந்தது? அதே வீட்டில் இருந்த எனக்கு ஏன் தெரியவில்லை?

பிறகு என்றாலும் சிக்கல் தீரவில்லை. செல்லம்மா அடுப்பை விட்டு எழும்பாமல், “அண்ணர் இன்னும் ஒரு வருசம் பாத்துக்கொண்டு இருப்பாரோ?” என்றாள். தவமணி பயந்துபோய், தோற்றாலும் பரவாயில்லை, துரைசானியைக் கெஞ்சிச் சிபாரிசு வாங்கி இந்த வருஷமே எழுதிவிடுகிறேன் என்றாள். எழுதித் தோற்றுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்பது போலச் செல்லம்மாவும் தலையாட்டினாள். இருவரும் சேர்ந்து முடித்துவிட்டார்கள். அந்த வீட்டில் முடிவுகள் என்னைக் கேட்டு எடுக்கப்படுவதில்லை. நானும் அதை விரும்பியதில்லை.

“பிறகு எழுதட்டும்” என்றேன்.

செல்லம்மா கரண்டியோடு திரும்பினாள். “நீங்களோ கதைக்கிறியள்?”

“ஓம். நான்தான். அண்ணருக்கு நான் சொல்லுறன்.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அன்று அவள் என்னோடு பேசவில்லை, பல நாள் பேசவில்லை. அண்ணன் மகனுக்குத் தையில் வேறு இடத்தில் கலியாணம் முடிந்தது. செய்தி வந்த அன்று செல்லம்மா தலைவலி என்று படுத்துவிட்டாள். தவமணி கைகளில் மருந்து நெடியோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அம்மாவின் நெற்றியைப் பிடித்துவிட்டாள்.

மறு வருஷம் பரீட்சைக்குப் பட்டணம் போக, ஆவடி ஸ்டேஷனுக்கு அவளைக் கூட்டிப்போனேன். பிளாட்பாரத்தில் கீரைக்கட்டுகளோடு நின்ற பெண்கள் அவளை நடுவில் இழுத்துக்கொண்டு எங்கே, எதற்கு என்று விசாரித்தார்கள். அவளும் அவர்களைப் போலவே பதில் சொல்லிச் சிரித்தாள். ரயில் வந்ததும் அவர்களில் ஒருத்தி அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டாள். தவமணி ஜன்னலுக்கு வந்து, ஏறாமல் நின்ற பெண்களிடம் “வரேம்மா” என்றாள். அதே மூச்சில் என்னைப் பார்த்து, “போட்டு வாறன் அப்பா” என்றாள். ரயில் நகர்ந்தது. கீழே நின்ற பெண்களும் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன். அவள் கை ஒன்றுதான் வெளியே தெரிந்தது. அது யாருக்கு அசைந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.