பூட்ஸ் போட்ட இல்வா

1. கம்பம் நட்ட பிறகு

குழி தோண்டி, சவுக்குக் கம்பம் நட்டு, போர்டைத் தூக்கிக் கட்டப் போகிற நேரத்தில் நாட்டாமை வந்தார். போர்டு தரையில் கிடந்தது. அதைச் சுற்றி நடந்தார். கால் பக்கம் வந்ததும் நின்றார்.

"இன்னாயா இது, பூட்ஸு போட்டுக்கினு கீறா?"

"ஆமாங்க."

"கோயிலுக்கு எதிர்க்கவா நிக்க வெக்கப் போற?"

"அங்கதான் சொன்னாங்க."

"எறக்கு."

இன்னும் ஏற்றவே இல்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஊர், ஜவ்வாது மலையில் காவலூரைத் தாண்டி இருக்கிறது. ஆடித் திருவிழா. நான் ஆலங்காயத்தில் சீரியல் செட் வேலை பார்க்கிறவன். பிளைவுட்டில் படம் வரைந்து, டிரில் போட்டு, ஓட்டைக்கு ஒரு பல்பாகச் சொருகுவோம். ஒரு கலருக்கு ஒரு லைன். கன்ட்ரோலரில் கொடுத்தால் கை ஆடும், சக்கரம் சுற்றும். அம்மன், முருகன், பிள்ளையார் செய்து கை பழகியிருந்தது. சாமி இல்லாத ஒருத்தியைச் செய்தது அதுதான் முதல் தடவை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

2. யார் இவள்

ஆர்டர் கொடுத்தது கோமதி. அந்த ஊர்ப் பெண். அவளும் இன்னும் சில பெண்களும் தினமும் கம்பெனி வேனில் கீழே இறங்கி, ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் ஏறுவார்கள்.

அந்த ஊரில் திருவிழா வரி வீட்டு ஆம்பளைகள் பேரில்தான் விழும். பெண்பிள்ளைகள் பேரில் எதுவும் கிடையாது. அந்த வருஷம் வேனில் போகிற பெண்கள் சேர்ந்து, "ஒரு போர்டு எங்களுது" என்று சொல்லிப் பணம் கொடுத்தார்கள். ஊரில் வாங்கிக்கொண்டார்கள். என்ன படம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கோமதி போனில் படம் காட்டினாள். ஒற்றைச் சடை. கையில் சிவப்புத் துணிக் கட்டு. முதுகில் வில். எங்கேயோ பார்த்த முகம்.

அன்றைக்கே கடைத்தெருவில் தேடினேன். எங்கும் இருந்தாள். சலூன் கண்ணாடியில், ஸ்கூல் பையில், தண்ணி பாட்டிலில், மினி லாரியின் பின்னால். அதுவரை கண்ணில் பட்டும் படாமல் இருந்திருக்கிறாள். யார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

சலூன்காரர், "தெலுங்கு நடிகைணா, புதுசு" என்றார்.

லாரி டிரைவர், "ஒட்டுனா வண்டி எடுப்பா கீது. யாரா இருந்தா இன்னா?" என்றார்.

ஸ்கூல் பை விற்கிற கடையில் கேட்டேன். "அந்தப் படம் போட்டா ஓடுது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை. கோமதியிடமே கேட்டேன்.

"போன் கேம்ல வர்றவணா. பேரு இல்வா. வேன்ல போகச்சொல்ல எல்லாரும் ஆடுவோம்."

"இன்னா பண்ணுவா?"

"நடப்பா."

"நடந்து?"

"மலை ஏறுவா. வுழுவா. செத்துடுவா. வுழுந்த எடத்துலயே மறுபடி எழுந்து நிப்பா."

"சண்டை போட மாட்டாளா?"

"போடுவா. நடக்கறதுதான் ஜாஸ்தி."

படம் வரைந்து காட்டினேன். முகத்தை ஒரு பார்வை பார்த்துச் சரி என்றாள். பூட்ஸுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். என் சாக்பீஸை வாங்கி அழித்தாள்.

"பூட்ஸ் நாக்கு இவ்ளோ மேல வராதுணா. லேஸ் ஓட்டை ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு நேரா வரணும். இங்க ரெட்டைத் தையல் போடுங்க."

"இருட்டுல தூரத்துல நின்னு பாக்கறவனுக்கு இது தெரியாதும்மா."

"எங்களுக்குத் தெரியும்."

முகத்துக்குப் போன பல்பைவிட பூட்ஸுக்கு அதிகம் போனது.

3. ஒரு ஒயர்

நாட்டாமை வேண்டாம் என்றதும் ஆட்கள் கூடினார்கள். கையில் சூலம் கொடுத்து அம்மனாக்கு என்றார் ஒருவர். திரும்பத் தூக்கிக்கொண்டு போ என்றார் இன்னொருவர்.

நாட்டாமை என்னிடம், "பூட்ஸ மட்டும் எரியாம பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். பூட்ஸ் தனி லைன். ஒரு ஒயரைக் கழற்றினால் போதும். கழற்றி, ஜெனரேட்டர் கொடுத்துக் காட்டினேன். முட்டி வரைக்கும் எரிந்தாள். அதற்குக் கீழே இருட்டு.

"ம். இது பரவால்ல" என்றார்.

அந்த நேரம் வேன் வந்து பெண்கள் இறங்கினார்கள். போர்டைப் பார்த்து நின்றார்கள். கோமதி என்னைப் பார்த்தாள். நான் நாட்டாமையைப் பார்த்தேன்.

"பெரியப்பா, கால் எங்க?"

"பூட்ஸு வேணாம்மா. அம்மா எதிர்க்க செருப்போட யாராவது நிப்பாங்களா?"

"கால் இல்லாம எப்டி நடப்பா?"

"போர்டு எங்கம்மா நடக்குது?"

ஆட்கள் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை.

"நாங்க நாளெல்லாம் தைக்கிறது அதான், பெரியப்பா. அதத் தெச்சி சம்பாதிச்சிதான் திருவிழாவுக்குக் குடுத்துகீறோம். துட்டு ஆகும், பூட்ஸு ஆகாதா?"

அவள் சொன்னதை நாட்டாமையால் தள்ள முடியவில்லை. ஆனால் கோயில் வழக்கத்தையும் அவரால் விட முடியாது. தாடையைத் தேய்த்துக்கொண்டே வேன் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"கோயிலுக்கு எதிர்க்க வேணாம். வேன் நிக்கிற எடத்துல நட்டுக்கோ. பூட்ஸு எரியட்டும்."

கோமதி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி, "அதாண்டி நம்ம எடம்" என்றாள்.

மறுபடி குழி தோண்டினோம். ஒயரை மாட்டினேன்.

4. கற்பூரம்

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. புது போர்டுக்குக் கற்பூரம் காட்டாமல் சுவிட்ச் போட மாட்டோம். சாமி போர்டே செய்து வந்ததால் யோசிக்கவில்லை. இல்வாவுக்கும் காட்டினேன். சுவிட்ச் போட்டேன். பூட்ஸ் மாறி மாறி எரிந்தது. நடந்தாள்.

கற்பூரத்தைப் பார்த்த ஜனம் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்தது. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, எந்த ஊர் ஆத்தா என்று என்னைக் கேட்டாள். கம்பத்துக்குக் கீழே யாரோ எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

நாட்டாமையும் வந்தார். செருப்பை விட்டுவிட்டு, கை கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார்.

கோமதி, "பெரியப்பா, அவ பூட்ஸோட கீறா. நீங்க வெறுங்கால்ல நிக்கிறீங்க" என்றாள்.

"கற்பூரம் காட்டுனது இந்தாளு. நான் இன்னா பண்றது?"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் செருப்பை மாட்டப் போகவில்லை. பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தையல்லாம் நீங்க போடறதா?"

"ஆமா, பெரியப்பா. மேல் தையல் நானு. லேஸ் ஓட்டை அமுதா."

"ஓ" என்றார். அமுதா யார் என்று கேட்டார். அவர் ஊர்ப் பெண்தான். கை தூக்கினாள்.

5. தெரிந்துகொண்டது

திருவிழா முடிந்து காலையில் கழற்றப் போனேன். வேன் வருகிற நேரம்.

"வேன் போற வரைக்கும் எரியட்டும்ணா" என்றாள் கோமதி.

வெளிச்சம் வந்துவிட்டது. பல்பு அவ்வளவாகத் தெரியாது. இருந்தாலும் விட்டேன். வேன் வந்தது. ஏறினார்கள். வளைவில் திரும்பும் வரைக்கும் பின் கண்ணாடியில் முகங்கள் தெரிந்தன. பிறகு சுவிட்சை அணைத்தேன்.

அதற்கு அப்புறம் அவளை நிறையப் பேர் கேட்டார்கள். ஜிம்முக்கு, செல்போன் கடைக்கு. எல்லாரும் முகம் பெரிதாக வேண்டும் என்பார்கள். செய்து கொடுத்தேன்.

புது படம் கேட்டு யார் வந்தாலும் அந்த முகம் யாருடையது என்று நான் இப்போது கேட்பதில்லை. முகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். "இதுல எத நல்லாப் பண்ணணும்?" என்று கேட்கிறேன். சாக்பீஸை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.